செங்கல் சூளைக்கு மண் கொடுத்த வயலுக்குத் தக்கைப்பூண்டு மட்டும் போதுமா?

"மூணு அடி மண்ணு எடுத்தாச்சு சார். தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழுதா சரியாயிடும்ல?"

தக்கைப்பூண்டு, வளர்த்து அப்படியே மண்ணில் மடக்கி உழும் பசுந்தாள் உரப் பயிர். இந்த மாதம் இப்படிக் கேட்ட விவசாயிகளில் இவர் நான்காவது ஆள். ஆகாது ஐயா. ஒரு போகத்தில் நிச்சயமாக ஆகாது.

அவர் வயலுக்குப் போய்ப் பார்த்தேன். விதைத்து நாற்பது நாளாகியும் தக்கைப்பூண்டு முழங்கால் உயரம்தான், வெளிறிக் கிடந்தது. ஒரு செடியைப் பிடுங்கினால், வேர் ஒரு விரல் நீளம் இறங்கி, கீழிருந்த இறுகிய மண்ணில் முட்டிப் பக்கவாட்டில் மடங்கியிருந்தது. வேர்முடிச்சுகள் நாலைந்துதான். நகத்தால் கிள்ளினேன், உள்ளே வெள்ளை. தழைச்சத்தைப் பிடிக்கும் முடிச்சு இளஞ்சிவப்பாக இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கரில் அரையடி ஆழ மண்ணின் எடை ஏறக்குறைய 900 டன். அதில் மண்வளத்துக்கு அடிப்படையான கரிமம் (கார்பன்) 0.1 சதவீதம் அதிகரிக்க வேண்டுமென்றால் 900 கிலோ கரிமம் மண்ணிலேயே தங்க வேண்டும். நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு 8 டன் தழை தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மிஞ்சும் கரிமம் 600, 700 கிலோ. அதிலும் பெரும்பகுதி ஒரு வருடத்துக்குள் மட்கிக் காற்றோடு போய்விடும். வெட்டிய மண்ணிலோ அந்த 8 டன்னே வராது. தழைச்சத்து கிடைக்கும், மண் பொலபொலப்பாகும், அதெல்லாம் உண்மை. போன மேல்மண் மட்டும் திரும்பி வராது.

சரி, எடுத்தாகிவிட்டது. முதலில், இறுகிய அடிமண்ணை உடைக்க உளிக்கலப்பை ஓட்டுங்கள். அப்புறம் ஏரி வண்டல், தொழுவுரம், முடிந்தால் ஆட்டுக்கிடை. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையை, ஆறிய கஞ்சியில் ரைசோபியம் (வேர்முடிச்சு உண்டாக்கும் நுண்ணுயிர்) கலந்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். அடியுரமாக சூப்பர் பாஸ்பேட் போடாமல் முடிச்சை எதிர்பார்க்காதீர்கள். சணப்பு, கொளுஞ்சி என்று வேறு பசுந்தாள் பயிர்களும் உண்டு. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் சணப்பு வேண்டாம், தக்கைப்பூண்டுதான் தாங்கும். மேட்டு வறட்சிக்குக் கொளுஞ்சி. அதன் விதைத்தோல் கெட்டி, மணலோடு தேய்த்துப் போடுங்கள். பூக்கத் தொடங்கியதும் ஈரத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். "இன்னும் வளரட்டும்" என்று விட்டால் தண்டு விறகாகிவிடும். இதை வருடம் தவறாமல் செய்ய வேண்டும்.

இன்னும் மண் கொடுக்காதவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: கொடுக்காதீர்கள். கடன் நெருக்கித் தவிர்க்கவே முடியாது என்றால், மேல் அரையடி மண்ணைத் தனியாக வரப்போரம் குவித்துவிட்டு, அடிமண்ணை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். குவித்ததைத் திரும்பப் பரப்பித் தருவதாக, பணம் வாங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.