எக்ஸ்ட்ரடிஷன்: நாடு கடத்தலா, ஒப்படைப்பா?

2025 பிப்ரவரியில், முறையான ஆவணமின்றி அமெரிக்காவில் இருந்த இந்தியர்களைக் கைவிலங்கிட்டு ராணுவ விமானத்தில் ஏற்றி அமிர்தசரசில் இறக்கினார்கள். ‘நாடு கடத்தப்பட்டனர்’ என்று செய்திகள் வந்தன. அதே ஆண்டு ஏப்ரலில், மும்பைத் தாக்குதல் வழக்குக்காகத் தஹாவூர் ராணாவை அமெரிக்கா இந்தியாவிடம் கொடுத்தது. அதற்கும் ‘நாடு கடத்தப்பட்டார்’தான். முதலில் நடந்தது டிப்போர்ட்டேஷன், இரண்டாவது எக்ஸ்ட்ரடிஷன். சட்டத்தில் இரண்டும் வெவ்வேறு காரியங்கள்.

எக்ஸ்ட்ரடிஷனுக்கு வேர் லத்தீனில் இருக்கிறது. ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘ட்ராடிஷியோ’ என்றால் கையளித்தல். தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்படும் மரபைச் சொல்லும் ‘ட்ரெடிஷன்’கூட இதே வேரிலிருந்து வந்ததுதான். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியில் உருவாகி, பிறகு ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. ஆக, கொடுக்கிற கை ஒன்று, கேட்டு வாங்குகிற கை ஒன்று, இரண்டுமே இந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன.

நம் ‘கடத்து’ அப்படியல்ல. கட என்பதிலிருந்து கடத்து: கடக்கச் செய். மின்சாரத்தைச் செம்புக் கம்பி கடத்துவதும் இதே பொருளில்தான். நாடு கடத்தல் என்றால் எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடுவது. சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் உடன் 70க்கும் மேற்பட்டோரையும் 1802இல் கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்குக்கு அனுப்பியதே, அது அசல் நாடு கடத்தல். அவர்களை அனுப்புங்கள் என்று பினாங்கிலிருந்து யாரும் கேட்கவில்லை. ஒருவரை இங்கே இருக்காதே என்று ஒரு நாடு தானாக முடிவுசெய்து வெளியேற்றும் டிப்போர்ட்டேஷனுக்கும் இந்தச் சொல் பொருந்தும்.

எக்ஸ்ட்ரடிஷனில் கேட்பு இருந்தே ஆகவேண்டும். இன்ன குற்றம், இன்ன ஆதாரம், இவரை எங்களிடம் தாருங்கள் என்று ஒரு நாடு எழுதிக் கேட்கும். அந்தச் செயல் தன் சட்டத்திலும் குற்றமா என்று மற்ற நாடு பார்க்கும். அப்புறம் நீதிமன்றம், மேல்முறையீடு என்று வருடக்கணக்கில் இழுக்கும். நிபந்தனையும் போடலாம். 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமை 2005இல் போர்ச்சுகல் கொடுத்தபோது மரண தண்டனை கூடாது, 25 ஆண்டுக்கு மேல் சிறையும் கூடாது என்ற இந்தியாவின் உறுதிமொழி அதன் கையில் இருந்தது. அந்த வாக்கு மத்திய அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. வெறுமனே வெளியேற்றப்பட்டவருக்கு இப்படி ஒரு பாதுகாப்பு கிடையாது. சொல்லைக் கலந்து எழுதினால் இந்த உரிமையும் வாசகர் கண்ணிலிருந்து மறைந்துபோகிறது.

போதைப்பொருள் கும்பல்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். கொலம்பியாவில் பாப்லோ எஸ்கோபாரின் ஆட்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரே ‘லாஸ் எக்ஸ்ட்ரடிடபிள்ஸ்’, அதாவது ஒப்படைக்கப்படக்கூடியவர்கள். “அமெரிக்காவில் சிறையைவிடக் கொலம்பியாவில் கல்லறையே மேல்” என்பது அவர்கள் முழக்கம். உள்ளூர்ச் சிறை என்றால் காவலரை வாங்கலாம், நீதிபதியை மிரட்டலாம். அமெரிக்கச் சிறையில் அந்தச் செல்வாக்கு எடுபடாது. ஒப்படைப்பை ஆதரித்த அதிபர் வேட்பாளர் லூயிஸ் கார்லோஸ் கலான் 1989இல் பொதுக்கூட்ட மேடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1991 ஜூன் 19 அன்று, சொந்தக் குடிமக்களை ஒப்படைக்கக் கூடாது என்று அரசியலமைப்புப் பேரவை வாக்களித்தது. எஸ்கோபார் அன்றைக்கே சரணடைந்தார். தடை 1997இல் நீங்கிய பிறகு, காலி என்ற கொலம்பிய நகரத்தின் போதைப்பொருள் கும்பலை நடத்திய ரோட்ரிகெஸ் ஒரெஹுவேலா சகோதரர்கள் 2004இலும் 2005இலும் அமெரிக்காவிடம் கொடுக்கப்பட்டார்கள். இத்தனை ரத்தம் சிந்தவைத்த ஒரு சட்டச் சொல்லை அரைகுறையாகப் பெயர்ப்பது எனக்கு வலிக்கிறது.

1988இல் வியன்னாவில் நிறைவேறிய ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு முழுக்க எக்ஸ்ட்ரடிஷனைப் பற்றியதுதான். உறுப்பு நாடுகளுக்கிடையே ஏற்கெனவே உள்ள ஒப்பந்தங்களில் போதைப்பொருள் கடத்தலும் சேர்ந்ததாகவே கொள்ளவேண்டும் என்கிறது. தனி ஒப்பந்தம் இல்லாத நாடுகள் இந்த உடன்படிக்கையையே அடிப்படையாக வைத்துக்கொள்ளவும் இடமுண்டு.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? ‘ஒப்படைப்பு’ என்பதே என் தேர்வு. கொடுப்பவர், பெறுபவர் இருவரும் அதில் இருக்கிறார்கள், பொறுப்பு கைமாறுவதும் இருக்கிறது. ‘போதைப்பொருள் கடத்தியவரை நாடு கடத்தினர்’ என்று இரண்டு கடத்தல்கள் மோதுவதும் தீரும். ‘குற்றவாளி ஒப்படைப்பு’ என்று நீட்டுவதை நான் தவிர்ப்பேன், விசாரணையே முடியாதவரும் ஒப்படைக்கப்படுவதால். ‘குற்றவாளிகள் பரிமாற்ற ஒப்பந்தம்’ என்பதும் சரிவராது. பரிமாற்றம் என்றால் ஒருவரைக் கொடுத்து இன்னொருவரை வாங்குவது, கைதிகளுக்கு அது பொருந்தும். இங்கே பதிலுக்கு எவரும் வருவதில்லை. இந்தியாவின் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தை ‘ஒப்படைப்புச் சட்டம்’ என்றும், நாடுகள் செய்துகொள்வதை ‘ஒப்படைப்பு ஒப்பந்தம்’ என்றும் எழுதினால் போதும்.