அடிப்படை ஊதியம் அல்ல, குறைந்தபட்சக் கூலி

மாநில அரசு ‘மினிமம் வேஜ்’, அதாவது குறைந்தபட்சக் கூலியை, உயர்த்தும்போதெல்லாம் “அடிப்படை ஊதியம் உயர்வு” என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக் குடோன் வாட்ச்மேன் அப்படி ஒரு நோட்டீஸை நீட்டி, “ஏங்க, அடிப்படையே இவ்வளவு ஏத்திட்டாங்களே, பஞ்சப்படி இதுக்கு மேல தனியா வருமா?” என்று கேட்டார். பஞ்சப்படி என்பது விலைவாசி ஏற்றத்துக்காகத் தரும் படி. அது தனியாக வராது. தப்பான ஒரு சொல் அவருக்கு வீணாக ஆசை காட்டிவிட்டது.

சொல் வரலாறு சுருக்கமானது. கூலி பழைய சொல். ‘மெய்வருத்தக் கூலி தரும்’ என்கிறது குறள். அதே நூலில் இன்னொரு குறளில் ஊதியம் என்றால் இலாபம்: ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’. சம்பளம் என்ற பொருள் அதற்குப் பின்னால் ஏறியது. பட்சம் வடசொல், பக்கம் என்று பொருள்.

அடிப்படை ஊதியம் ஏற்கெனவே வேறொன்றின் பெயர். சம்பளச் சீட்டில் முதல் வரியில் இருக்கும் ‘பேசிக்’ அது. அதற்கு அடுத்த வரியில் அகவிலைப்படி, நம்மூர் மில்காரர்கள் சொல்லும் பஞ்சப்படி. தமிழ்நாட்டில் அரசாணை இந்த இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் குறைந்தபட்சக் கூலி. 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும் அடிப்படை விகிதத்தோடு வாழ்க்கைச் செலவுப் படி சேர்ந்ததை ஒரு வகையாகக் காட்டியது. ஒரு பேச்சுக்கு அடிப்படை 6,000, பஞ்சப்படி 7,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 13,000-ஐ ‘அடிப்படை’ என்று எழுதினால் தொழிலாளி இன்னொரு 7,000 வரும் என்று காத்திருப்பார். முதலாளி 6,000-ஐக் காட்டி “அடிப்படை கொடுத்துவிட்டேனே” என்றால் பதில் சொல்ல வழியிருக்காது. உயர்விலும் இதே குழப்பம்தான். விலைவாசிக் குறியீட்டுப் புள்ளியைப் பார்த்து ஏப்ரல் 1-இல் பஞ்சப்படி ஏறுவது வேறு. 5 ஆண்டுக்கு மிகாமல் மறுஆய்வு செய்து விகிதத்தையே திருத்த வேண்டும் என்று 1948 சட்டம் சொன்னது வேறு. முதலாவது, ஏறிய விலைக்கு ஈடு. இரண்டாவதுதான் உண்மையான உயர்வு. இரண்டுக்கும் “அடிப்படை ஊதிய உயர்வு” என்றே தலைப்புப் போடுகிறவர்கள் அரசாணையைப் பிரித்துப் படிக்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சிலர் பட்சத்தை விழுங்கி ‘குறைந்த கூலி’ என்கிறார்கள். அது சொற்பக் கூலி. குறைந்தபட்சம் என்பது, இதற்குக் கீழே போகக்கூடாது என்ற எல்லை. 1957-இல் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு அந்த எல்லைக்குக் கணக்கே போட்டது: சம்பாதிக்கும் ஒருவருக்கு, அவரையும் சேர்த்து, 3 நுகர்வு அலகு (வளர்ந்த ஓர் ஆளின் தேவை ஓர் அலகு), அலகுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை, எரிபொருள். 1991-இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்காக இன்னொரு 25 சதவீதம் சேர்த்தது. இத்தனையும் அடங்கிய ஒன்றைக் ‘குறைந்த கூலி’ என்று எழுதலாமா?

வடசொல் வேண்டாம் என்பவர்கள் ‘சிறுமக் கூலி’ என்கிறார்கள். தனித்தமிழ் எனக்கும் பிடிக்கும். ஆனால் கணக்குப் பாடத்தில் சிறுமம் பொருந்துகிறதே தவிர, கூலிக்கு முன்னால் வந்தால் காதில் சிறுமை என்றுதான் விழுகிறது. இந்த இடத்தில் பட்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் கூலியை விடமாட்டேன். கூலி மரியாதைக் குறைவு என்று ஊதியம் போடுகிறார்கள். கொலுசுப் பட்டறையில், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில், ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிற இடத்தில் எல்லாம் கூலி என்றுதான் கணக்குக் கேட்கிறார்கள். கூலி என்பது உழைப்புக்குரிய பணம். அதை ஆளுக்குப் பட்டமாக்கி இழிவுபடுத்தியவர்கள் வெள்ளைக்காரத் துரைமார்கள். அந்த இழிவை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு ‘ஃப்ளோர் வேஜ்’ என்று இன்னொன்றையும் கொண்டுவந்தது. மத்திய அரசு வைக்கும் அளவு அது. மாநிலங்கள் அதற்கு மேலே வைக்கலாம், கீழே வைக்க முடியாது. முன்பு சட்டக் கட்டாயம் இல்லாமல் அறிவிக்கப்பட்ட தேசிய அளவு 2017-இல் நாளுக்கு 176 ரூபாயாக இருந்தது. இதையும் ‘அடிப்படை ஊதியம்’ என்று மொழிபெயர்க்கிறார்கள்! மூன்று வேறு தொகைகளுக்கு ஒரே பெயர் வைத்தால் எந்தத் தொழிலாளி எதைக் கேட்பார்? மத்திய அரசு வைப்பது கூலிக் கீழ்வரம்பு, மாநிலம் வைப்பது குறைந்தபட்சக் கூலி, சீட்டின் முதல் வரியில் இருப்பது மட்டும் அடிப்படை. நோட்டீஸ் அடிப்பவர்கள் இப்படிப் பிரித்து எழுதினால் போதும்.