பளபளப்பை விட்டுவிட்டு அடிப்பாகத்தைப் பாருங்கள்

அமெரிக்காவில் பழைய மர ஸ்பீட் போட் விற்பனைக்கு வந்தால், அது கிறிஸ்-கிராஃப்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மிச்சிகன் மாநிலத்தின் அல்கோனாக் ஊரில் கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஸ்மித் (ஆமாம், நிஜப் பெயரே அதுதான்) தொடங்கிய கம்பெனி அது. புதுப்பித்து விற்பனைக்கு நிறுத்திய போட்டின் பக்கவாட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். 15, 20 பூச்சு வார்னிஷ் அடித்திருப்பார்கள். விற்பவர் கேட்கும் பெரிய தொகைக்கு அந்தப் பளபளப்புதான் முதல் சாட்சி. ஆனால் பணம் விழுங்கும் வேலை தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் அடிப்பாகத்தில் இருக்கிறது. அதைச் செய்திருக்கிறார்களா, எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் விலையை எடைபோட முடியும்.

இந்தப் போட்டுகளின் அடிப்பாகம் இரட்டைப் பலகை. உள்ளே ஒரு அடுக்கு, வெளியே ஒரு அடுக்கு, நடுவில் பசைக்கலவையில் ஊறிய கேன்வாஸ் துணி. மரம் ‘பிலிப்பைன் மஹோகனி’; பெயர் அப்படி என்றாலும் தாவரவியல்படி அது மஹோகனியே கிடையாது, நம் சால மரத்தின் குடும்பம். குளிர்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த போட்டைத் தண்ணீரில் இறக்கினால் இடுக்குகளில் கசியும். பலகை ஊறிப் பருத்ததும் இடுக்கு மூடிக்கொள்ளும். மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வதும் இதே காரணத்தால்தான். மரம் நீள வாக்கில் அதிகம் நீளாது, அகல வாக்கில்தான் பருக்கும்.

அதனால் “ரெண்டு நாள் ஊறினா கசிவு நின்னுடும்” என்று விற்பவர் சொன்னால் அது பொய்யில்லை. பாதி உண்மை. பருக்க இடமில்லாத பலகைகள் ஒன்றையொன்று நெருக்கும்போது விளிம்பில் உள்ள மர இழைகள் நசுங்கிவிடும். நசுங்கிய இழை காய்ந்தபின் பழைய அகலத்துக்குத் திரும்பாது. வருடா வருடம் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறும்போது இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். ஒரு கட்டத்தில் எத்தனை நாள் ஊறினாலும் கசிவு நிற்காது.

இதற்கு இன்று பலர் செய்யும் தீர்வு, அடிப்பாகத்தை முழுக்கப் பிரித்து, இரண்டு அடுக்குக்கும் நடுவில் துணிக்குப் பதிலாக ரப்பர் போல வளையும் பாலியூரித்தேன் பசை வைத்துக் கட்டுவது. ஊற வைக்க வேண்டியதில்லை, இறக்கியவுடன் ஓட்டலாம். பழைய முறையே வேண்டும் என்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஓட்டுவதற்காக வாங்குகிறவர் இந்த வேலைக்குத் தாராளமாகக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பது என் கட்சி. ஒரு நிபந்தனை: பலகைகள் கழன்று, உள்சட்டங்கள் தெரிய எடுத்த புகைப்படங்கள் இருக்க வேண்டும். வார்னிஷ் அடிக்கும் படங்கள் நூறு இருந்தும் அடிப்பாகத்தின் படம் ஒன்றுகூட இல்லை என்றால் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை.

அப்புறம் ஸ்க்ரூ. அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவை ஆயிரக்கணக்கான ஸ்க்ரூக்கள். அவை பித்தளை என்றால் கவனம் வேண்டும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. தண்ணீரில் வருடக்கணக்கில் கிடந்தால் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறி, பஞ்சு போன்ற செம்பு மிஞ்சும். உருவம் அப்படியே இருக்கும், வலு போய்விடும். அடையாளம் நிறம்: மஞ்சளாக இருக்க வேண்டிய உலோகம் இளஞ்சிவப்பாகியிருக்கும். சிலிக்கான் வெண்கல ஸ்க்ரூவில் துத்தநாகம் இல்லை அல்லது மிகக் குறைவு என்பதால் இந்தத் தொல்லை அதற்குக் கிட்டத்தட்டக் கிடையாது. வெளியிலிருந்து பார்த்து எதையும் சொல்ல முடியாது. அடிப்பாகத்தின் வெவ்வேறு இடங்களில் நாலைந்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. எப்போதும் நீரில் மூழ்கிய மரத்தில் ஆக்சிஜன் போதாது. ஆகவே உளுத்துப்போகும் இடங்கள் பெரும்பாலும் மழைநீர் தேங்கும் மூலைகள்: மேல்தளத்தின் இணைப்புகள், பின்பலகையின் ஓரங்கள், உட்புற அடித்தளம். ஈரமானி இரண்டு ஊசிகளுக்கு நடுவே மரத்தின் மின்தடையை அளக்கிறது. ஈரம் கூடினால் தடை குறையும். ஊசிக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ இருந்தால் பொய் சொல்லும் கருவி அது. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக் கேட்பதையும் விட்டுவிடக் கூடாது: நல்ல மரம் கணீரென்று பேசும், உளுத்த மரம் மொத்தென்று.

நிறையப் பேர் பார்க்க மறப்பது அடிப்பாகத்தின் கோடு. வேகம் எடுத்தபின் இந்தப் போட்டுகள் தண்ணீரைக் கிழித்துப் போவதில்லை. நீர் மேல்நோக்கித் தள்ளும் விசையால் போட்டின் பெரும்பகுதி எழும்பி, மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு ஓடும். அதற்குப் பின்பகுதி நேராக இருக்க வேண்டும். சரியாகத் தாங்காத டிரெய்லரில் வருடக்கணக்கில் நின்றால் அது வளைந்துவிடும். பின்முனை கீழ்நோக்கி வளைந்திருந்தால் நீர் பின்பக்கத்தைத் தூக்கும், மூக்கு அமுங்கும், வேகம் போகும், திருப்பும்போது ஆபத்து. மேல்நோக்கி வளைந்திருந்தால் மூக்கு ஏறி இறங்கிக் குதித்துக்கொண்டே போகும். நீளமான நேர்ச்சட்டம் ஒன்றை அடியில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதில் எவ்வளவு வார்னிஷ் அடித்தும் பயனில்லை.

எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து, அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லையா என்று பாருங்கள். ஏரித் தண்ணீரையே உறிஞ்சிக் குளிர்விக்கும் எஞ்சின் என்றால் அதன் இரும்பில் விரிசல் உண்டா என்றும் கேளுங்கள். உறையும் நீர் சுமார் 9 சதவீதம் பருக்கும். ஒரு குளிர்காலத்தில் நீரை வடிக்க மறந்தால் இரும்பு பிளந்துவிடும்.

மாற்று எஞ்சின் போட்டிருந்தால் சேகரிப்பாளர்களிடம் பொதுவாக மதிப்பு குறையும், விதிவிலக்கும் உண்டு. கார் கம்பெனி நடத்திய ஃபெருச்சியோ லம்போர்கினி 1968-இல் தன் ரீவா அக்வராமா என்ற இத்தாலிய மர ஸ்பீட் போட்டில் தன் கம்பெனியின் வி12 எஞ்சின்கள் இரண்டைப் பொருத்த வைத்தார். ஆவணத்தோடு நிற்கும் அந்த மாற்றமே அந்தப் போட்டின் பெருமை. கிறிஸ்-கிராஃப்டுக்கும் ஆவணம் இருக்கிறது. வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸில் உள்ள மரினர்ஸ் மியூசியம் கம்பெனியின் பழைய பதிவட்டைகளைப் பாதுகாக்கிறது. போட்டின் எண்ணைக் கொடுத்தால், எந்த எஞ்சினோடு தொழிற்சாலையை விட்டுப் போனது என்பது போன்ற விவரங்களைப் பெறலாம்.

விற்பவர் ரசீதுக் கட்டை நீட்டி “இவ்வளவு செலவாச்சு” என்பார். செலவு நிஜமாகவே இருக்கலாம். மரப் போட்டில் புதுப்பிக்கும் செலவு விற்கும் விலையைத் தாண்டுவது சகஜம், அந்த நஷ்டத்தை அடுத்தவர் ஏற்க வேண்டியதில்லை. அதே மாடல், அதே நீளம் சமீபத்தில் என்ன விலைக்கு விற்றது என்று பார்த்து, அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள். நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்க அவர் சம்மதிக்கவில்லை என்றால், புது அடிப்பாகம் போட ஆகும் தொகையை அந்த விலையிலிருந்து கழித்துவிட்டு உங்கள் தொகையைச் சொல்லுங்கள்.