கோதுமை மாப் பசையும் பத்து விரல்களும்

பட்டம் ஒட்டக் காய்ச்சுவோமே கோதுமை மாப் பசை, அதை இன்னும் கொஞ்சம் இளக்கமாகக் காய்ச்சி நிறம் கலந்தால் விரலால் வரைவதற்கான வண்ணம் தயார். இரணைமடுப் பக்கம் ஒரு முன்பள்ளியில் பிள்ளைகளோடு இதைச் செய்தோம். செம்மண்ணைத் துணியில் அரித்து ஒரு நிறம், அடுப்புக்கரியை இடித்து ஒன்று, மஞ்சள் தூளில் ஒன்று. நாலு வயதுப் பிள்ளை ஒன்று செம்மண் பசைக்குள் மூன்று விரலை வைத்து, பெரிய வெள்ளை மட்டையின் மேலிருந்து தன் நெஞ்சுப் பக்கம் வரை ஒரே இழுவையாக இழுத்தது. தொடங்கிய இடத்தில் அழுத்தம், நடுவில் வேகம், முடிவில் விரல் நின்ற இடத்தில் சின்னதாய் ஒரு மேடு. மூன்றையும் அந்தத் தடத்தில் அப்படியே பார்க்க முடிந்தது.

இந்த வேலையைச் செய்வது மாப்பொருள். தண்ணீரில் கலந்த கோதுமை மா ஏறக்குறைய 60 பாகை செல்சியசைத் தாண்டும்போது மாப்பொருள் மணிகள் தண்ணீரைக் குடித்து ஊதுகின்றன, உள்ளே இருந்த நீளமான சங்கிலி மூலக்கூறுகள் வெளியே கசிந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. சும்மா விட்டால் அந்தச் சிக்கல் அசையாது. விரல் போதிய அளவு அழுத்தித் தள்ளினால் சங்கிலிகள் தள்ளும் திசைக்கு ஒழுங்காகி வழுக்கிக் கொடுக்கும், பசை இளகும். விரலை எடுத்ததும் திரும்பவும் இறுகும். போத்தலைத் தட்டினால்தான் தக்காளிச் சோஸ் வருகிறதே, அதே கதை. வெறும் தண்ணி வண்ணம் என்றால் தடத்தின் இரண்டு கரையும் ஓடி வந்து சேர்ந்து, விரல் போன அடையாளத்தையே மூடிவிடும்.

சரி, விரலுக்கு வருவோம். ஒரு உள்ளங்கையில், விரல்களையும் சேர்த்து, தொடுகையை உணரும் நரம்பு இழைகள் ஏறத்தாழ 17,000 இருக்கின்றன, விரல் நுனியில்தான் அவை நெருக்கமாக இருக்கின்றன. நிலையான அழுத்தத்துக்கு ஒரு வகை, தோல் இழுபடுவதற்கு ஒன்று, வழுக்குவதற்கு ஒன்று, நுண்ணிய அதிர்வுக்கு ஒன்று என நாலு வகை. கைரேகை வரிகளுக்கு இடையே சுமார் அரை மில்லிமீற்றர். செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர் வேகத்தில் தேய்த்தால், வழியில் கிடக்கும் ஒரு மண் துணிக்கையின் மேல் செக்கனுக்கு 200 வரிகள் ஏறி இறங்கும். அதிர்வை உணரும் அந்த நரம்பு மிகக் கூர்மையாக வேலை செய்வதும் ஏறக்குறைய இந்த வீச்சில்தான்! எனக்கு இந்தக் கணக்கை எத்தனை தரம் போட்டுப் பார்த்தாலும் அலுப்பதில்லை. அதனால்தான் கரிப் பசை நறநறவென்றும் மஞ்சள் பசை வெண்ணெய் போலவும் தெரிகிறது, பசை எங்கே மெலிந்தது என்று கண் பார்க்கும் முன்னமே விரலுக்குத் தெரிந்து கை தன் அழுத்தத்தை மாற்றிவிடுகிறது. தூரிகையின் மயிர் வளைந்து இந்தச் செய்தியில் பாதியை விழுங்கிவிடும்.

விரல் நுனி ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் அகலம். அதால் கண் மூக்கு வரைவது கஷ்டம். ஆனால் மணிக்கட்டைச் சுற்றினால் சின்ன வளைவு, முழங்கையிலிருந்து வீசினால் பெரியது, தோளிலிருந்து வந்தால் மட்டை முழுக்க ஒரு வில். உருவம் போய் அசைவு மட்டும் மிஞ்சும்போது அரூப ஓவியம் தானாகவே வந்துவிடுகிறது. ரோமில் பள்ளி நடத்திய அமெரிக்க ஆசிரியை ரூத் ஃபைசன் ஷா இந்த முறையை 1930களில் பரப்பியபோது, கை முழுவதையும் பாவிக்கச் சொன்னதன் பெறுமதி இங்கேதான். தயவுசெய்து பிள்ளையிடம் "இது என்ன, மாடா வீடா" என்று கேட்காதீர்கள்.

எங்கள் வெயிலில் ஒரு சிக்கல் உண்டு. சோளகக் காற்று அடிக்கும் நாளில் பசை சில நிமிடத்திலேயே ஆடை கட்டிவிடும், மட்டையை முதலில் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். எல்லா நிறத்தையும் ஒரேயடியாகக் குழைத்தால் ஒவ்வொன்றும் ஒளியின் ஒவ்வொரு பங்கை விழுங்கி கடைசியில் சேற்று நிறம்தான் மிஞ்சும், ஒன்று காய்ந்த பிறகு மற்றதைப் போடலாம்.

அப்புறம் கை கழுவும் நேரம். மஞ்சள் விரல்களில் சவர்க்காரம் பட்டதும் செக்கச் சிவந்துபோய் "ரீச்சர், ரத்தம்!" என்று ஒரு கூச்சல். சவர்க்காரம் ஒரு காரம், அதாவது தேசிக்காய்ப் புளி போன்ற அமிலத்துக்கு எதிரானது, காரத்தில் மஞ்சளின் நிறப்பொருள் சிவக்கும். விளக்கி முடிக்க முன்னமே இரண்டு பேர் சவர்க்கார நுரைக் கையோடு ஓடிப்போய் காய்ந்த மஞ்சள் மேல் இழுத்தார்கள், சிவப்பாகக் கோடு விழுந்தது. அதன் மேல் தேசிக்காய் பிழிந்தோம், திரும்ப மஞ்சள்.