சுழலாத சிடி: மெய்நிகர் டிரைவ் இயங்கும் விதம்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இன்று கடைக்கு வரும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் டிவிடி டிரைவ் கிடையாது. ஆனால் கல்யாண சிடிகளும் பழைய மென்பொருள் சிடிகளும் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றைக் கணினிக்குள் அப்படியே கொண்டுவர உதவுவது, முழுச் சிடியின் நகலை ஒரே கோப்பாக வைத்திருக்கும் இமேஜ் கோப்பு. அதைத் திறக்க உதவுவது, மென்பொருளே சிடி டிரைவ் போல நடிக்கும் மெய்நிகர் டிரைவ்.

சிடியிலுள்ள கோப்புகளை ஒரு ஃபோல்டரில் நகலெடுப்பதும் இமேஜ் எடுப்பதும் ஒன்றல்ல. சிடியிலுள்ள தரவு செக்டர் என்ற சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். தரவு சிடியில் ஒவ்வொரு செக்டரும் 2,048 பைட் தரவைத் தாங்கும். முதல் செக்டரிலிருந்து கடைசி வரை அவற்றை வரிசை மாறாமல் எழுதிவைத்தால் கிடைப்பதே ஐஎஸ்ஓ கோப்பு. முதல் 16 செக்டர்கள் கோப்பு முறைக்குப் பயன்படாமல் ஒதுக்கப்பட்டவை. ஆகவே கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றில் ஐஎஸ்ஓவைத் திறந்து 32,768ஆம் இடத்துக்குச் சென்றால், அங்குள்ள பைட்டை அடுத்து ‘CD001’ என்ற ஐந்து குறிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். இது 1988இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 9660 தரத்தின் அடையாளம்.

விண்டோஸுக்குச் சிடி சுழல்வது தெரியாது. ‘இந்த எண்ணுள்ள செக்டரைக் கொடு’ என்று டிரைவரிடம் (டிரைவை இயக்கும் சிறு மென்பொருளிடம்) கேட்கவும் வந்த பைட்டுகளை வாங்கிக்கொள்ளவும் மட்டுமே அதற்குத் தெரியும். உண்மையான டிரைவ் அந்தக் கட்டளைக்காக லேசரை நகர்த்தித் தட்டு அந்த இடத்துக்கு வரும்வரை காத்திருக்கும். மெய்நிகர் டிரைவின் டிரைவரோ செக்டர் எண்ணை 2,048ஆல் பெருக்கி, ஐஎஸ்ஓ கோப்பில் அந்த இடத்திலிருந்து படித்துக் கொடுத்துவிடும். இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கக் கணினிக்கு வழியில்லாததால், புதிய டிரைவ் எழுத்து ஒன்று தோன்றி, கோப்புகள் வழக்கம்போலத் திறக்கின்றன. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஐஎஸ்ஓவை மவுண்ட் செய்தால், அதாவது டிரைவில் சிடி போடுவதுபோல இணைத்தால் போதும். விண்டோஸ் 7இல் வின்சிடிஎமு போன்ற மென்பொருளை நிறுவ வேண்டும்.

எல்லாச் சிடிக்கும் ஐஎஸ்ஓ போதாது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சிடியின் செக்டர் உண்மையில் 2,352 பைட் நீளமுடையது. தரவு சிடியில் எஞ்சிய 304 பைட்டுகள் ஒத்திசைவுக்கும் முகவரிக்கும் பிழைதிருத்தத்துக்கும் செலவாகின்றன. ஒரு காலத்தில் நம் ஊர் ஸ்டூடியோக்கள் கல்யாண வீடியோவைக் கொடுத்த விசிடியில், படம் இருக்கும் செக்டர்கள் பிழைதிருத்தத்தைக் குறைத்துக்கொண்டு 2,324 பைட் தரவைச் சுமக்கின்றன. அதை 2,048 பைட் கணக்கில் ஐஎஸ்ஓவாக எடுத்தால் ஒவ்வொரு செக்டரிலும் 276 பைட் வெட்டுப்படும். பாட்டுச் சிடியிலோ கோப்பு முறையே இல்லை. 2,352 பைட்டும் ஒலிதான். இவ்விரண்டுக்கும் முழுச் செக்டரையும் வைத்திருக்கும் ‘பின்’ (.bin) கோப்பும், டிராக்குகளின் எல்லையைக் குறிக்கும் சிறிய ‘கியூ’ (.cue) கோப்பும் தேவை. விண்டோஸின் உள்வசதி கியூவைத் திறக்காது என்பதால், இங்கே தனி மென்பொருளுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று இருந்தால் இமேஜ் எடுத்துவிடலாம். கடலோரக் காற்றில் கிடந்த சிடியின் மேற்பூச்சு உரிந்திருந்தால், அதன் அடியிலுள்ள உலோகப் படலம் அரிக்கப்பட்டுச் சில செக்டர்கள் படிக்க முடியாமல் போயிருக்கும். மெய்நிகர் டிரைவ் அவற்றை மீட்டுத் தராது. ஆகவே இமேஜ் எடுக்கும்போது பிழைச் செய்தி வந்தால், அதை ஒதுக்கிவிட்டு மேலே செல்லாமல், வேறொரு டிரைவில் மறுபடி படித்துப் பார்ப்பதே முறை.