கன்னத்தின் உட்புறம் வெளுப்பது ஏன்?

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்தால் இளஞ்சிவப்பாக, வழவழப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பு, அடியில் ஓடும் இரத்தம் தருவது. மேலே மூடியிருக்கும் சவ்வில் வெளித்தோலைப் போலக் கெரட்டின் என்ற கெட்டியான புரதப் படலம் கிடையாது என்பதால் இரத்தத்தின் நிறம் அப்படியே வெளியே தெரிகிறது. ஆகவே அங்கே நிறம் மாறினால், சவ்விலோ அதன் அடியிலோ ஏதோ மாறியிருக்கிறது.

உடைந்த பல்லின் கூர்முனையோ, சரியாகப் பொருந்தாத பல்செட்டோ தினமும் ஒரே இடத்தில் உரசினால், சவ்வு தன்னைக் காத்துக்கொள்ளக் கெரட்டினை உருவாக்கும். அது எச்சிலில் ஊறி வெள்ளையாகத் தெரியும். வெகுநேரம் துணி துவைத்தால் விரல் நுனித் தோல் ஊறி வெளுக்கிறதே, அதே மாதிரிதான். பற்கள் சந்திக்கும் மட்டத்தில் பலருக்கும் ஒரு மெல்லிய வெள்ளைக்கோடு இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். நம்மில் பலருக்கு இயல்பாகவே இருக்கும் கருமையான திட்டுகளும் பெரும்பாலும் மெலனின் என்ற நிறமிதான். வழித்தால் வந்துவிடும் வெள்ளை என்றால், அது அநேகமாகப் பூஞ்சைத் தொற்று.

வழித்தாலும் போகாத, வேறு காரணம் சொல்ல முடியாத வெள்ளைத் திட்டை மருத்துவர்கள் லூக்கோபிளாக்கியா என்கிறார்கள். புகையிலையை அடக்கி வைக்கும் இடத்தில் இது அடிக்கடி வரும். சவ்வு மெலிந்து சிவந்த திட்டும், வெள்ளையும் சிவப்பும் கலந்த திட்டும் இதைவிடக் கவலைக்குரியவை. அவை புற்றுநோயாக மாறும் வாய்ப்பு அதிகம்.

இன்னொரு வகை வெளுப்பும் உண்டு. அது ஆழத்திலிருந்து வருகிறது. 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர், கென்யாவில் இருந்த 5 இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார். இன்று இதன் பெயர் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ், அதாவது சவ்வுக்கு அடியில் நார் இறுகுவது. காரணம், நாம் தாம்பூலத்தட்டில் வைத்து நீட்டும் பாக்கு.

பாக்கில் உள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள், சவ்வுக்கு அடியில் நார் நெய்யும் செல்களைத் தூண்டிக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை அளவுக்கு மீறி உருவாக்க வைக்கிறது. பாக்கின் டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் அந்தக் கொலாஜன் எளிதில் சிதையாதபடி செய்கின்றன. பாக்கில் செம்பும் அதிகம். கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதிக்குச் செம்பு தேவை. ஆக, நார் கூடுகிறது, குறைய வழியில்லை, இறுகிக்கொண்டும் போகிறது. நடுவே மாட்டிக்கொள்ளும் இரத்தக்குழாய்கள் நெருக்கப்படுவதால் கன்னம் உள்ளிருந்தே வெளிறுகிறது. மேல் சவ்வும் மெலிந்துவிடும். அதனால்தான் முதலில் தெரிவது எரிச்சல்: எப்போதும் சாப்பிடும் காரக்குழம்பே திடீரென்று தாங்க முடியாமல் போகும். பிறகு கன்னத்தில் நார்ப்பட்டைகள் கைக்குத் தட்டுப்படும், வாய் திறப்பது குறையும்.

"புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்று நிம்மதியாகச் சொல்பவர்கள் நம் வீடுகளில் நிறைய பேர். எனக்கு இதுதான் பெரிய வருத்தம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2004-இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியது. வண்ணப் பொட்டலத்தில் வரும் இனிப்புப் பாக்கும் பாக்குதான். குழந்தைகள் கையில் அதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

உரசலால் வந்த வெள்ளை, காரணத்தை நீக்கினால் இரண்டு வாரத்தில் மங்க ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் வாய்ச் சவ்வு வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும். மங்கவில்லையென்றால் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நார் இறுகிய கன்னம் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. ஆனாலும் பாக்கை நிறுத்தினால், அது மேலும் முற்றுவதற்கான முக்கியக் காரணம் போய்விடும். நிறுத்திய பிறகும் புற்றுநோய் அபாயம் முழுதாக நீங்குவதில்லை என்பதால், குறிப்பிட்ட இடைவெளியில் வாயைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.