வெள்ளை உறைக்குள் இருக்கும் குளிசையின் பெயர்

மாலை ஐந்து மணிக்குப் பின்னர் யாழ்ப்பாணத்துத் தனியார் சிகிச்சை நிலையங்களின் வாங்குகளில் இடம் கிடைப்பது அரிது. தடிமன், இருமல், காய்ச்சல், வயிற்றோட்டம், காலில் ஆணி குத்திய காயம் என்று முன்பதிவு எதுவுமின்றி வருகிறவர்களுக்கு இலக்கம் கொடுத்து, ஐந்து பத்து நிமிடங்களில் பார்த்து, மருந்தையும் அங்கேயே கட்டிக் கொடுத்து அனுப்புகிற இத்தகைய நிலையமொன்றில்தான் நானும் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வெளிநோயாளர் பிரிவில் அரை நாளைச் செலவிட முடியாத கூலித் தொழிலாளிக்கும், பாடசாலை முடிந்து வருகிற ஆசிரியைக்கும் இது பெரிய வசதி. அந்த வசதிக்குள் இருக்கும் ஓர் ஓட்டையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு மாரிகாலத்தில், மூன்று நாட்களாகக் காய்ச்சலில் கிடந்த பதினாறு வயது மகனைத் தாயொருவர் அழைத்து வந்தார். முதல் நாளே வேறோர் இடத்தில் மருந்து எடுத்ததாகச் சொல்லி, கைப்பையிலிருந்து மூன்று சிறிய வெள்ளை உறைகளை எடுத்து மேசையில் வைத்தார். காலை, மதியம், இரவு என்று எத்தனை குளிசை போடவேண்டும் என்பது ஒவ்வொன்றிலும் பேனையால் எழுதப்பட்டிருந்தது. மருந்தின் பெயர் எதிலும் இல்லை.

“இது என்ன மருந்தம்மா?”

“காய்ச்சலுக்கும் உடம்பு நோவுக்கும் எண்டு தந்தவை டொக்டர். வீட்டில கிடந்த பனடோலும் குடுத்தனான்.”

உறைக்குள் இருந்த வட்டமான வெள்ளைக் குளிசை பரசிற்றமோலாக இருந்தால், பனடோலும் அதே மருந்து என்பதால், அந்தப் பிள்ளை இரண்டு மடங்கு மருந்தைக் குடித்திருக்கிறான். 500 மில்லிகிராம் குளிசையில் வளர்ந்த ஒருவருக்கே 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் ஆகாது. நிறை குறைந்தவர்களுக்கு அதுவும் அதிகம். சிறுவர்களுக்கான அளவை வயதை விட நிறையைப் பார்த்தே கணிக்கிறோம். மற்றைய உறையில் இருந்தது டைக்குளோபெனாக் போன்ற நோவு மருந்தாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் டெங்குக் காய்ச்சலில் அவ்வகை மருந்துகள் குருதிக்கசிவை ஏற்படுத்தக்கூடியவை. இரத்தப் பரிசோதனையில், குருதி உறைய உதவும் சிறுதட்டுகள் குறைந்திருந்தன. அன்றிரவே வைத்தியசாலை விடுதியில் சேர்க்கச் சொல்லி அனுப்பினேன். பிள்ளை தப்பிவிட்டான், அவன் எதைக் குடித்தான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

பெயரில்லாத உறைக்குக் காரணம் பெரும்பாலும் அவசரமும் பழக்கமும்தான். பெரிய போத்தலிலிருந்து எண்ணிக் கட்டும்போது பெயரெழுத நேரமில்லை என்பார்கள். பெயர் தெரிந்தால் அடுத்த முறை நேரே மருந்துக்கடைக்குப் போய்விடுவார்கள் என்ற கணக்கும் சிலரிடம் இருப்பதை, இத்தொழிலில் இருக்கிற நான் மறைக்க விரும்பவில்லை. ஆகவே, “மருந்தின் பெயரை உறையில் எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள். கேட்டால் டொக்டர் கோபிப்பார் என்ற பயம் நாங்களே வளர்த்துவிட்ட பயம்.

இனி, நீங்கள் எங்களுக்குச் சொல்ல வேண்டியவை. நீரிழிவுக்கும் பிரஷருக்கும் பெரியாஸ்பத்திரியில் மருந்து எடுப்பவர்கள், “இது வெறும் தடிமன்தானே” என்று கிளினிக் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குடிக்கும் ஒருவருக்கு, அது தெரியாமல் நாங்கள் கொடுக்கும் சாதாரண நோவு மருந்தோ அன்ரிபயோட்டிக்கோ உள்ளே குருதி கசியக் காரணமாகலாம். ஐந்து நிமிடத்தில் நாங்கள் கேட்க மறக்கக்கூடிய வேறு இரண்டு விடயங்களும் உண்டு. வயலில், சேற்றில் இறங்கினீர்களா என்பது ஒன்று. அப்படித் தொற்றும் எலிக்காய்ச்சல் 2024 டிசம்பரில் குடாநாட்டில் உயிர்களைப் பறித்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அண்மையில் இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்தீர்களா என்பது மற்றது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டதன் பின்னர், பயணத்தைப் பற்றி நீங்கள் சொன்னாலன்றி மலேரியா எங்கள் நினைவுக்கு வருவது அரிது.

தடிமனுக்கு அன்ரிபயோட்டிக் கேட்க வேண்டாம். ஊசி போட்டால்தான் மாறும் என்று அடம்பிடிக்கவும் வேண்டாம். பெரும்பாலான தடிமன் வைரசால் வருவது, அதை அன்ரிபயோட்டிக் தொடாது.

சில நோய்களோடு எங்கள் வாசலுக்கு வரவே கூடாது. பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து எங்களிடம் இல்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். நெஞ்சுநோவும் அப்படித்தான், ஆனால் அதை எங்கள் ஊரில் வாய்வு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வேர்த்து நனைந்த சேர்ட்டோடு, இடது தோளைத் தடவியபடி, 23ஆம் இலக்கத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் ஐயா முக்கால் மணித்தியாலம் எங்கள் வாங்கில் அமைதியாக இருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த எவரும் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்கவில்லை, அந்த அம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கே இலவசமாக வரும் என்றிருந்தும்.